முன்பாரம்

வைகாசி 4, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். மலை உச்சியில் ஒரு துணுக்கு மேகம், எட்டு மணிக்குள் காணோம். உளுந்து ஊறப் போட மறந்தேன். இட்லி நாளைக்குத்தான்.

இவரும் கொழுந்தன் முருகனும் ஏரியில் வண்டல் அள்ளி நம் கொல்லை நிலத்துக்கு அடிக்கிறார்கள். தண்ணீர் வற்றிக் கிடக்கும் இந்தக் கொஞ்ச நாளில் அடித்தால்தான் உண்டு. மழை பெய்துவிட்டால் ஏரிக்குள் வண்டி இறங்காது. மாட்டையும் வண்டியையும் விற்றுச் சின்ன டிராக்டர் வாங்கி எட்டு மாதம். யாரோ ஓட்டிப் பழசானது. இவருக்கு அது புதுசுதான். ராத்திரி சாக்குப் போட்டு மூடுகிறார்.

மத்தியானம் கூழ் கொண்டுபோனேன். அப்போதுதான் பார்த்தேன். டிரெய்லர் நிறைய வண்டலோடு ஏரிக்கரை ஏறுகிறது டிராக்டர். பாதி மேட்டில் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்புகிறது. பின்னால் பாரம் இழுக்க, முன்னால் மூக்கு வானம் பார்க்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. அதற்கு இவர்கள் செய்துகொண்ட வைத்தியம்: முருகன் முன்னால் பம்பர்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது. ஆள் பாரத்துக்கு மூக்கு இறங்குமாம். ஒரு வாரமாக இப்படித்தான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குலுக்கல். முருகன் வழுக்கிக் கீழே. சக்கரத்துக்கும் அவன் இடுப்புக்கும் ஒரு முழம். இவர் பிரேக்கை மிதித்தார். நின்றது. பின்னால் சரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, முன்னால் வந்திருந்தால்.

முருகன் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு, "கூழு கொட்டிடிச்சா அண்ணி?" என்றான்.

கொட்டித்தான்விட்டது. தூக்கு எப்போது கையை விட்டதென்று தெரியவில்லை.

ஐப்பசியில் அவனுக்குக் கல்யாணம். போளூரில் பெண் பார்த்து முடித்தது நான். அந்தப் பெண்ணின் அம்மாவிடம், பத்திரமான பிள்ளை என்று சொன்னதும் நான்.

வைகாசி 5, திங்கள்

வெயில். பசு பால் கம்மி. சோமவாரம், ஒருபொழுது.

காலையில் சொல்லிவிட்டேன். "இனிமே அந்தப் பம்பர்ல மனுஷன் உக்காரக் கூடாதுங்க."

"அப்ப மூக்கு தூக்குமே, இன்னா பண்றது? நீ வந்து உக்காரு. முருகன் அம்பத்தாறு கிலோ. நீ அதுக்கு ஜாஸ்தியே இருப்ப."

முருகன் சிரித்தான். இவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மத்தியானம் சோறு போட்டேன். ரசம் வைக்கவில்லை. இவருக்கு ரசம் இல்லாமல் இறங்காது.

சாயங்காலம் தானாக வந்து முறத்தருகில் உட்கார்ந்தார். "மாட்டு வண்டியில முன்பாரம் கம்மியா போயிட்டா, மூட்டைய முன்னால தள்ளுவோம் இல்ல. அதேதான் இதுவும். மூஞ்சியில கனமா எதனா தொங்கணும். கம்பெனி இரும்புக் கட்டி மெட்ராஸ்ல கெடைக்குமாம். சொல்லி வச்சி அது வரதுக்குள்ள ஏரி ரொம்பிடும்."

செங்கல்லைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாராம். மூன்றாம் நடையில் சாக்கு கிழிந்து செங்கல் எல்லாம் கரையில்.

ஒத்துக்கொண்டது: பாரம் தயாராகும்வரை அரை லோடுதான். முருகன் கீழே நடந்து வருவான். இரட்டை நடை ஆகும். ஆகட்டும்.

ராத்திரிக்கு ரசம் வைத்தேன்.

வைகாசி 6, செவ்வாய்

அரை லோடு. இவருக்கு முகம் சுண்டிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் நம்மைவிட நான்கு நடை முன்னால்.

சிமெண்டில் கட்டி வார்ப்பது என்று முடிவு. மாட்டுத் தொட்டி கட்டியபோது மிஞ்சியது கால் மூட்டைக்குக் கொஞ்சம் கூட இருக்கிறது, உரச் சாக்கில் சுருட்டி வைத்தது. கட்டி தட்டவில்லை, நல்லவேளை. இனி வேண்டுமென்றால் தாலுகா ஆபீசில் பெர்மிட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் இருப்பதோடு சரி.

எதில் வார்ப்பது என்று பேச்சு. இவர் மண்ணெண்ணெய் டின் என்றார். வெட்டினால் டின் வீண். முருகன் என் குண்டானைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

பரணில் பொங்கல் பானைகள். வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்ந்து நாலு. ஒவ்வொன்றும் ஆறு படி. புளி, விதை, வெல்லம் என்று ஏதாவது போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சள் கட்டிய இடத்தில் இன்னும் கறை. எனக்கே சொல்ல வாய் வரவில்லை, ஆனால் சொன்னேன், இதில் வார்க்கலாம் என்று. மண்பானை என்றால் கலவை இறுகியதும் உடைத்து எடுத்துவிடலாம்.

"பொங்கப் பானையாச்சே அண்ணி."

"நீ பொங்கலுக்கு இருக்கணும்னுதான்."

முருகன் ஏறிப் பானைகளை இறக்கினான்.

கணக்கு (எடைக்கு நோட்டில் தனிப் பக்கம்): பானை நிறையத் தண்ணீர் ஏறக்குறைய 10 கி. கலவை தண்ணீரைப் போல இரண்டரை மடங்கு கனம் என்று கொத்தனார். ஆக ஒன்று 25 கி. நாலு 100. முருகன் 56. ஒரு முருகன் போதவில்லை, குலுங்குகிறது என்கிறார் இவர். இரண்டு முருகன் வேண்டும். 112. குறைகிற 12-க்குப் பட்டறைத் துண்டு இரும்பு உள்ளே போடலாம்.

வைகாசி 7, புதன்

வார்த்தாயிற்று. காலை ஆறிலிருந்து பத்துவரை.

செய்தது:
கிணற்றடி மணலில் நாலு குழி. பானைகளைக் கழுத்துவரை புதைத்தது, குத்தும்போது விரியாமல் இருக்க.
சிமெண்டு ஒரு சட்டி, மணல் இரண்டு, ஜல்லி மூன்று.
வெல்டிங் பட்டறை பாய் கொடுத்த நட்டு, போல்டு, உடைந்த கலப்பைக் கொழு.
ஒவ்வொரு பானை வாயிலும் வளைத்த கம்பி, கொக்கிக்கு.

ஜல்லிக்கு முருகன் மலையடிவாரத்தில் பொறுக்கிவரலாம் என்றான். கூடாது என்றேன். மலையே அண்ணாமலையார். அவர் மேலிருந்து பொறுக்கி டிராக்டர் மூக்கில் மாட்டுவதா. ரோடு போட்டு மிஞ்சிய ஜல்லி கொண்டுவந்தார்கள்.

முருகன்தான் கம்பியால் குத்திக் குத்தி இறுக்கினான். "நல்லா குத்துடா. உன் எடத்துக்கு வரப்போறவங்க," என்றார் இவர்.

சிமெண்டு சாக்கை உதறிப் பார்த்தேன். ஒரு கரண்டிகூட மிச்சமில்லை.

வைகாசி 10, சனி

காற்று. துணி காயப்போட முடியவில்லை, ஒரு ரவிக்கை பக்கத்து வீட்டில்.

பானைகளை உடைத்தோம். முதல் அடியை நான்தான் போட்டேன், மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. ஓடு ஓடாகக் கழன்றது. உள்ளே பானையின் உருவம் அப்படியே. வழவழவென்று. குயவர் விரல் வரிகூடப் பதிந்திருக்கிறது.

தராசு, மல்லாட்டைக் கடலை மூட்டை நிறுக்கிற மண்டியிலிருந்து:
ஒன்று 26½
இரண்டு 25
மூன்று 27
நாலு 25¾
ஆக 104¼ கி.
இரண்டு முருகனுக்கு எட்டு கிலோ கம்மி. இவர் போதும் என்றார்.

வார்த்த நாளிலிருந்து பத்து நாளைக்குத் தண்ணீர் விட்டு இறுக வைக்க வேண்டும். அடி உருண்டை, நேராக நிற்கவில்லை, உருளுகிறது. அதனால் கவிழ்த்து வைத்தோம். கொக்கி மணலுக்குள், உருண்டைப் பக்கம் மேலே. வேலி ஓரம், பூவரச மர நிழலில். வேலிக்கு அந்தப் பக்கம் மலை சுற்றுகிற ரோடு. மேலே ஈரச் சாக்கு.

வைகாசி 13, செவ்வாய்

மூன்று வேளையும் தண்ணீர் விடுவது என் வேலை. செம்பால் ஊற்றுகிறேன். வாளியால் ஊற்றினால் சாக்கு நகர்ந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் வேலி வழியாக: "இன்னா கமலா, தெனம் அபிஷேகம் நடக்குது."

"சிமெண்டுக்குக்கா."

"வாயில அருணாசலா அருணாசலான்றியே, அதுவும் சிமெண்டுக்கா?"

அப்போதுதான் தெரிந்தது, சொல்லிக்கொண்டே ஊற்றுகிறேன் என்று. துளசிக்கு ஊற்றுகிற பழக்கம். வெட்கமாக இருந்தது. நிறுத்தப் பார்த்தேன். மறுபடி வாய் தானாக.

நல்லெண்ணெய் தீர்ந்தது. முருகனுக்குக் கல்யாண வேட்டி அளவு சொல்லி அனுப்ப வேண்டும்.

வைகாசி 17, சனி

நேற்று பௌர்ணமி. வேலூர், பெங்களூர்ப் பக்கமிருந்து மலை சுற்ற வந்தவர்கள் விடியற்காலைவரை போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் சீக்கிரம் படுத்துவிட்டோம்.

காலையில் செம்போடு போனேன். கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு சாக்கைப் பாதி இழுத்திருக்கிறது. மூன்று கட்டி சாக்குக்குள். வேலியோரத்துக் கட்டி மட்டும் வெளியே. 27 கிலோ, எல்லாவற்றிலும் கனமானது.

அதன்மேல் விபூதிப் பட்டை மூன்று. நடுவில் குங்குமம். அரளிச் சரம். எலுமிச்சம்பழம் ஒன்று. மணலில் கற்பூரக் கரி.

வேலிக்கு வெளியே ஒரு வயதான தம்பதி கும்பிட்டு நிற்கிறார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "மலைய சுத்தி இருக்கற எட்டு லிங்கத்துல இது எதும்மா? நாங்க மொத தபா வரோம், பேரு தெரியல," என்றாள்.

என் கையில் செம்பு.

பின்னாலிருந்து முருகன்: "டிராக்டர் லிங்கம்."

"அப்டி ஒண்ணு கேள்விப்பட்டதில்லயே."

"புதுசு."

திரும்பி முறைத்தேன். உள்ளே போய்விட்டான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் லாரி ஓட்டுகிறானாம். பம்பாய் லைனாம். போய் இருபது நாள், கடுதாசி இல்லையாம். "பத்ரமா வந்து சேரணும்னு வேண்டிக்கினேன். நீயும் ஊத்தும்போது ஒரு வார்த்த சொல்லும்மா," என்றாள்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல. செம்புத் தண்ணீரை அவள் முன்னால் ஊற்றினேன். இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

பொய் சொன்னேனா? வாயால் சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன். வந்து பார்த்தார். எப்போதும் கேலி பேசுகிறவர், சுற்றிக்கொண்டு போனார், தாண்டிப் போகவில்லை.

வைகாசி 18, ஞாயிறு

மேகம். தென்மேற்கில் இடி ஒன்று, தூரத்தில். எல்லாருக்கும் ஏரி அவசரம்.

பத்து நாள் ஆகிவிட்டது, மூன்று கட்டிகளைப் பம்பரில் மாட்டினார்கள். வேலியோரத்து ஒன்றை இவர் தொடவில்லை. "அது இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான்.

77¼ கி. ஒன்றரை முருகன்கூட இல்லை.

கூழ் கொண்டுபோனபோது முழு லோடு ஏற்றியிருந்தார்கள். பாதி மேட்டில் மூக்கு ஒரு சாண் தூக்கியது. நான் கரையில் நிற்பது தெரியாமல் முருகன் ஓடிவந்து பம்பரில் தாவி ஏறினான். ஏறியது வண்டி.

மேலே வந்ததும் என்னைப் பார்த்தான். "ஒரே ஒரு நடை அண்ணி. மழை வருதில்ல."

தூக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வேலியோரம் போய் நின்றேன். அரளி வாடியிருந்தது. யாரோ புதிதாகச் செம்பருத்தி வைத்திருக்கிறார்கள். இன்னும் நாலு நாள் போனால் சூலம் நட்டுவிடுவார்கள். கோயிலே ஆகிவிடும். இங்கே சாமி உட்கார்ந்திருக்க, அங்கே அந்த இடத்தில் முருகன்.

வைகாசி 19, திங்கள்

கும்பிட்ட கட்டியை அசைக்கலாமா என்று குருக்களைக் கேட்கப் போனேன். கும்பாபிஷேகத்துக்கு ஆரணிப் பக்கம் போயிருக்கிறாராம், வர வாரமாகும். குருக்கள் வீட்டம்மா மோர் கொடுத்தாள். எனக்கு அவளைக் கேட்கத் தோன்றவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தேன். ஒருபொழுது என்பது பாதி வழியில்தான் ஞாபகம். மோர் பரவாயில்லை.

வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர்மேல் ஆடு மேய்கிறது. விறகு ஒடிக்கிறார்கள். பிள்ளைகள் ஏறிச் சறுக்குகிறார்கள். எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இவரிடம்: "அதையும் எடுத்து மாட்டுங்க."

"என்னால ஆவாது."

"ஏன்?"

"கொக்கியில மாட்டினா தலைகீழா தொங்கும். உருண்டை கீழ போயிடும். அந்த அம்மா புள்ளைக்காகக் கும்பிட்ட மூஞ்சி. சேத்துல இடிக்கும்."

இருபத்திரண்டு வருஷமாக நான்தான் கோயில், விரதம். இவர் தேருக்கு வடம் பிடிப்பார், அதுவும் சிநேகிதர்களுக்காக. இப்படி ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை.

"தலைகீழா இல்லாம உக்கார வச்சா?" என்றேன்.

யோசித்தார். "பாயிதான் சொல்லணும்."

வைகாசி 20, செவ்வாய்

நானும் போனேன், வேங்கிக்கால் ரோட்டுப் பட்டறைக்கு. இவர் சொல்லத் தயங்கினார், நான் எல்லாவற்றையும் சொன்னேன், லாரிக்காரப் பையன்வரைக்கும். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, மத்த மூணு தொங்கட்டும். இத தொங்க விட வேணாம். நடுவுல ஒரு தட்டு அடிச்சி, சுத்தி வண்டிப் பட்டா வளையம் வச்சித் தரேன். நேரா உக்காந்துக்கினு வருவாரு. கொக்கி தட்டு ஓட்டைல எறங்கும், அடியில பின்னு போட்டுடறேன். குலுங்காது."

"ஜாஸ்தி வேலையா பாய்?" என்றார் இவர்.

"ஆளுக்குப் பதிலா உக்கார்றவரு. அவருக்கு ஒரு சீட்டு இல்லன்னா எப்டி?"

நாளை மறுநாள் காலை தருகிறேன் என்றார். வளையத்துக்கு நம் பழைய மாட்டு வண்டிச் சக்கரத்தில் கழற்றிப் போட்ட இரும்புப் பட்டாவே கேட்டார். மாட்டுக் கொட்டாயில் கிடந்தது. முருகன் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

வைகாசி 22, வியாழன்

விடியற்காலை நாலு சொட்டு. நின்றுவிட்டது. ஏரி இன்னும் காய்ந்துதான்.

ஆறு மணிக்கு நான் குளித்துவிட்டு வேலியோரம் போனேன். வாடிய பூவை எடுத்தேன். விபூதியைக் கழுவலாமா என்று பார்த்தேன், கழுவவில்லை. சொன்னேன், சத்தமாகவே, யாரும் இல்லை: நீ சாமியா கட்டியா எனக்குத் தெரியாது. கும்பிட்டவர்கள் வேண்டியது உன்கிட்டதான் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள். முருகனைக் கீழே நடக்க விடு. லாரிக்காரப் பையனை வீட்டுக்கு அனுப்பு. இரண்டுக்கும் சேர்த்து 27 கிலோ போதுமா பார்.

இவரும் முருகனும் சாக்கில் ஏந்தித் தூக்கினார்கள். முருகன் ஒரு கேலியும் பேசவில்லை. பாய் அடித்துத் தந்த வளையத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அடியில் பின்.

பச்சையம்மாள் வேலியில். "எங்கடி கூட்டிக்கினு போறீங்க?"

"வேலைக்கு," என்றார் இவர்.

கரையில் நின்றேன். முழு லோடு. மேட்டில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மாறவில்லை. திறந்தபோது நாலு சக்கரமும் மண்ணில். முன்சக்கரத் தடம் வண்டலில் ஆழமாக, இரண்டு கோடு. விபூதி நெற்றியோடு மேலே வந்து திரும்பியது.

முருகன் டிரெய்லருக்குப் பின்னால், கையை வீசிக்கொண்டு, வேப்பங்குச்சியை மென்றுகொண்டு நடந்து வந்தான்.

"எனக்கு வேல போயிடிச்சி அண்ணி."

"நல்லதாப் போச்சி. கூழ் குடி."

இன்று 11 நடை. எல்லாம் முழு லோடு.

சாயங்காலம் கிணற்றடியில் இவர் டிராக்டர் கழுவினார். சக்கரம், மட்கார்டு, தொங்குகிற மூன்று கட்டி, எல்லாவற்றுக்கும் வாளித் தண்ணீர், வீசி வீசி. நான் அடுப்பில் இருந்தேன். சத்தம் நின்றது. வாசலில் வந்து நின்றார், கால் ஈரமாக.

"கமலா, அந்தச் செம்பக் குடு."

கொடுத்தேன்.